கவிதையில் இருந்த புள்ளிகளைக் காணோம்: இதழ் வடிவமைப்பில் எங்கே தவறினேன்?

தாமிரபரணிக்காரன்:

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் நாலு பேர் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓர் இதழ் கொண்டுவருகிறோம். கதை, கவிதை, கொஞ்சம் வட்டார வரலாறு. தனிச்சுற்றுக்கு மட்டும், 500 பிரதி, ஏ4 அளவு, 64 பக்கம், நடுவில் பின் அடித்தது. இதுவரை வடிவமைத்துக் கொடுத்த நண்பருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. வேலை என் தலையில் விழுந்தது. நான் கல்லூரி விழாக்களுக்குப் போஸ்டர் செய்த அனுபவத்தை வைத்துக்கொண்டு துணிந்து இறங்கிவிட்டேன்.

திரையில் பார்த்தபோது சத்தியமாக நன்றாக இருந்தது. மூன்று பத்தி, ஓரமெல்லாம் சீராக, தலைப்புகளுக்கு மெல்லிசு எழுத்து. 18ஆம் பக்கத்தில் ஒரு கவிதை. இரவில் எடுத்த ஆற்றின் படத்தை முழுப் பக்கத்துக்கும் விரித்து, அதன்மேல் வெள்ளை எழுத்தில், 9 பாயின்டில் போட்டேன். எங்கள் குழுவே பார்த்துக் கைதட்டியது.

அச்சாகி வந்தது. மறுநாளே கவிஞர் போன் செய்தார். "நான் எழுதியது ‘கண் மூடினேன்’. நீ போட்டிருப்பது ‘கண மூடினேன’. இது எந்த ஊர் தமிழ்?" எடுத்துப் பார்த்தால், பாதிப் புள்ளிகளைக் காணோம். சில பிரதிகளில் கொஞ்சம் தெரிகிறது, சிலவற்றில் சுத்தமாக இல்லை. அச்சகத்தில் கேட்டேன். "ஃபைல்ல இருந்ததைத்தான் அடிச்சோம்" என்றார்கள். ஃபைலைத் திறந்து பார்த்தேன். எல்லாப் புள்ளியும் இருக்கிறது.

அதோடு போகவில்லை. எங்கள் பழைய சந்தாதாரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், நேரில் வந்து இதழை நீட்டி, "வாசிக்க முடியலப்பா, கண்ணு வலிக்கு" என்றார். மூன்று பத்தியில் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை. பக்க எண்கள் முதல் பக்கங்களில் ஒழுங்காக இருக்கின்றன, நடுப் பக்கங்களில் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு அறுந்துபோகப் பார்க்கின்றன. வண்ணப் படங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆறு பக்கங்களில் வைத்ததால் செலவும் எகிறிவிட்டது.

அடுத்த இதழுக்கு இன்னும் மூன்று வாரம். எதை மாற்றுவது, எதை அப்படியே விடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிக்சல்ராசா:

புள்ளி போனது அச்சகத்துக்காரர் தவறுதான், விடாதீர்கள். மறுபடி அடித்துத் தரச் சொல்லுங்கள். மூன்று பத்தி தவறே இல்லை. நியூயார்க்கர் இதழே மூன்று பத்தியில்தான் வருகிறது. ஏ4க்கு அதுதான் அழகு. எழுத்தை 9லிருந்து 8.5க்குக் குறைத்தால் ஓட்டை குறையும். வெள்ளை இடம் நிறைய விடுங்கள், மெல்லிசு எழுத்தைக் கைவிடாதீர்கள். பழைய ஆட்கள் எதைச் செய்தாலும் வாசிக்க முடியவில்லை என்றுதான் சொல்வார்கள்.

ஒட்டுப்பலகை:

தம்பி, புள்ளியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஓலையில் எழுதிய காலத்தில், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்காமலே விட்டார்கள் என்பார்கள். உங்கள் கவிஞருக்கு அந்தச் சங்க கால மரியாதை 500 பிரதியில் கிடைத்திருக்கிறது. கோபப்படலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, நடந்தது என்னவென்றால், உங்கள் படத்தில் இருக்கும் இருட்டு வெறும் கருப்பு மை இல்லை. போட்டோஷாப்பில் சாதாரணக் கருப்பை நாலு கலருக்கு மாற்றினால், அமைப்பைத் தொடாமல் விட்டால், சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 என்று வரும். கூட்டினால் 300. தாள் அந்த இடத்தில் நாலு முறை மை குடிக்கிறது. உங்கள் வெள்ளை எழுத்து என்பது மை இல்லை, நாலு பிளேட்டிலும் (நிறத்துக்கு ஓர் அச்சுத் தகடு) விட்ட ஓட்டை. நாலு ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தால்தான் வெள்ளை. 9 பாயின்டில் ஒரு புள்ளியின் அகலம் கால் மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். மெஜந்தா பிளேட் அந்த அளவுக்கு நகர்ந்தால் போதும், புள்ளி மூடிக்கொள்ளும். நீங்கள் அடித்தது மேப்லித்தோ, அதாவது பளபளப்பில்லாத சாதாரண அச்சுத் தாளாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் மை ஊறிப் பரவும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். சில பிரதிகளில் புள்ளி தெரிகிறது, சிலவற்றில் இல்லை என்றீர்களே, ஓட ஓடப் பதிவு, அதாவது நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, நகர்ந்திருக்கிறது. அச்சகத்துக்காரர் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம், வாஸ்தவம். ஆனால் இந்த ஃபைலை வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் 500க்கு 500 வந்திருக்காது.

ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுத்தின் தலைப்புள்ளி போனாலும் அது ‘ஐ’தான். நமக்குப் புள்ளி போனால் வேறு எழுத்து. அதனால் என் கணக்கு இது: கருப்பின்மேல் வெள்ளை என்றால் 14 பாயின்டுக்குக் கீழே போகமாட்டேன், தடித்த எழுத்து, இரண்டு வரிக்குமேல் இல்லை. தலைப்புக்கு ஆகும், கவிதைக்கு ஆகாது. ஆற்றுப் படம் இடது பக்கம், கவிதை வலது பக்கம் வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்து. அந்தக் கருப்பும் கே 100, அதாவது கருப்பு மை மட்டும், ஒரே பிளேட். வேர்டிலிருந்து ஒட்டும் மேட்டரில் நாலு கலர்க் கருப்பு ஒளிந்து வரும், ஒவ்வொரு கட்டுரையாகப் பார்த்துவிடுங்கள்.

எனக்குப் புள்ளிமேல் இவ்வளவு பாசம் ஏன் என்றால், நான் பேஸ்ட்-அப் காலத்து ஆள். எண்பதுகளின் கடைசியில் சென்னையில் ஒரு வார இதழில் சேர்ந்தேன். மேட்டர் புரோமைடு தாளில் நீள நீளமாக வரும். வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி, கட்டம் போட்ட அட்டையில் ஒட்ட வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குப் புரூஃப் ரீடர் வந்து "இந்த ‘ல’வுக்குப் புள்ளி இல்லை" என்பார். மறுபடி கம்போஸ் செய்ய ஆள் இருக்காது. வீணாய்ப் போன துண்டிலிருந்து ஒரு புள்ளியைச் சுற்றி பிளேடால் கீறி, பிளேடு நுனியிலேயே தூக்கிவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு ‘ல’வின் தலையில் இறக்குவேன். மின்விசிறியை முதலில் நிறுத்திவிட வேண்டும். ஒருநாள் மறந்துவிட்டேன். காலையில் அச்சான தாளில் அந்தப் புள்ளி நாலு வரி கீழே போய், ஒரு மந்திரியின் நெற்றியில் பொட்டாக உட்கார்ந்திருந்தது.

அடுத்து, மூன்று பத்தி. பிக்சல்ராசா தம்பி சொன்ன அமெரிக்க இதழ் மூன்று பத்திதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் மொழியில் ‘வீட்டிலிருந்து’ என்பதற்கு இரண்டு மூன்று குட்டிச் சொற்கள். நாம் எல்லாவற்றையும் வால் போல ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடுகிறோம். ஏ4ல் ஓரம் போக 18 செ.மீ. என்று வையுங்கள். மூன்று பத்தி, நடுவில் அரை செ.மீ. இடைவெளி என்றால் ஒரு பத்தி 5.7 செ.மீ.கூட வராது. அதில் ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வந்தால் வரியே முடிந்தது. மேல் வரியில் இரண்டு சொல்லை இரண்டு ஓரத்துக்கும் இழுத்துக் கட்டும். ஓட்டை அங்கேதான். இரண்டு பத்திக்கு மாறுங்கள், ஒவ்வொன்றும் 8.7 செ.மீ. கிடைக்கும். எழுத்து 10.5 அல்லது 11, வரிக்கு வரி 15.5 பாயின்ட். நமக்கு மேலே கொக்கி, கீழே ‘கு’, ‘ழ’, ‘ரு’வின் வால், இரண்டும் உண்டு, ஆங்கிலத்துக்கு வைக்கிற வரி இடைவெளியை வைத்தால் மேல்வரி வாலும் கீழ்வரி கொக்கியும் முட்டிக்கொள்ளும்.

மெல்லிசு எழுத்து திரைக்கு. தாளில் அது சாம்பலாகத் தெரியும். ரொம்பத் தடித்ததும் சின்ன அளவில் கூடாது, ‘ண’, ‘ன’ இரண்டின் சுழியும் அடைத்துக்கொண்டு எது எதுவென்றே தெரியாது. நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர் இரண்டும் இலவசம், பல தடிமனில் கிடைக்கும். உடம்புக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, அவ்வளவு போதும். நான் ஒரே இதழில் ஒன்பது எழுத்துரு போட்டவன், அந்தப் பாவத்தைப் பற்றி இன்னொரு நாள்.

பக்க எண் கதை. 64 பக்கம் என்றால் 16 தாளை ஒன்றுக்குள் ஒன்று மடித்துச் செருகிப் பின் அடிக்கிறார்கள். உள்ளே இருக்கும் தாள் வெளியே பிதுங்கும். தாள் ஒன்று 0.1 மி.மீ. கனம் என்றாலும் நடுத்தாள் ஒன்றரை மில்லி வெளியே நிற்கும். மூன்று பக்கமும் வெட்டும்போது பிதுங்கியது போகும். அதனால்தான் முன்பக்கங்களில் ஒழுங்காக இருந்த எண், நடுவில் ஓரத்துக்கு வந்தது. ஓரத்திலிருந்து குறைந்தது 10 மில்லி உள்ளே வையுங்கள், யாருக்கும் தெரியாது. அதைவிட நல்லது, ஒரு வெள்ளைத்தாள் டம்மி செய்து, மடித்து, கையால் எண் எழுதிப் பார்ப்பது. நான் இன்றைக்கும் செய்கிறேன்.

அந்த டம்மியைப் பிரித்தால் வண்ணச் செலவும் புரியும். ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம். சென்டர் பின்னில் முதல் ஃபாரம் 1 முதல் 8 வரை, அப்புறம் 57 முதல் 64 வரை. கடைசி ஃபாரம்தான் 25 முதல் 40 வரை, தொடர்ச்சியாக. நீங்கள் ஆறு படத்தை நாலு ஃபாரத்திலும் தூவியிருப்பீர்கள். நாலுக்கும் கலர் பிளேட் போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் 25–40க்குள் கொண்டுவாருங்கள், மற்ற மூன்றும் ஒற்றைக் கருப்பு. பாதிக்குப் பாதி குறையாவிட்டால் என்னைக் கேளுங்கள்.

தாமிரபரணிக்காரன்:

அண்ணாச்சி, கும்பிடுகிறேன். நேற்று ராத்திரியே டம்மி மடித்துவிட்டேன். என் கலர்ப் பக்கங்கள் 3, 12, 18, 32, 45, 60. நீங்கள் சொன்ன மாதிரியே நாலு ஃபாரத்திலும் கை வைத்திருக்கிறேன். தாளும் மேப்லித்தோதான், 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்). தபால் செலவுக்காக 60க்குப் போகலாமா? அப்புறம், நடுவில் பின் அடிப்பதை விட்டுவிட்டு, புத்தகம் மாதிரி முதுகு வைத்து ஒட்டலாம் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது.

ஒட்டுப்பலகை:

64 பக்க ஏ4ல், 70லிருந்து 60க்குப் போனால் பிரதிக்கு 20 கிராம் குறையும். ஆனால் படம் இருக்கும் பக்கத்தின் பின்னால் கவிதை இருந்தால் ஆற்று நீர் கவிதையில் தெரியும். உள்ளே 70 இருக்கட்டும், ராப்பரை (மேலட்டையை) 250லிருந்து 170க்கு இறக்கினால் 10 கிராம் தேறும். முதுகு வேண்டாம். அந்த 16 தாள் மடித்தால் 32, அதற்கு மூன்று மில்லிதான் முதுகு வரும், அதில் இதழ் பெயரை எறும்புதான் வாசிக்கும். ஒட்டினது முழுசாக விரியாது, உள் ஓரத்துக்கு இன்னும் ஒரு செ.மீ. கொடுக்க வேண்டும், மறுபடி பத்தி குறுகும்.

மெய்ப்புப்பேனா:

இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டுப்பலகை அண்ணன் சொன்ன ராத்திரி பதினொரு மணிக்குப் ‘புள்ளி இல்லை’ என்று வந்து நிற்கும் ஆள் நான்தான், வேறு இதழில். என்னையும் யாராவது திட்டியிருப்பார்கள்.

தம்பி, சொல் உடைப்பை மென்பொருளிடம் விடாதீர்கள். அச்சுக்கோத்த காலத்தில் ஒரு வழக்கம் உண்டு: வரியின் தொடக்கத்தில் புள்ளி எழுத்து வரக்கூடாது. ‘பக்கத்தில்’ என்பதை ‘பக்-கத்தில்’ என்று உடைக்கலாம், ‘ப-க்கத்தில்’ என்று உடைத்தால் கோப்பவருக்கு அன்றைக்குத் திட்டு விழும். பக்கம் கட்டும் மென்பொருளான இண்டிசைனில், நம் மொழி எழுத்துகளுக்கான வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தீர்களா? இல்லையென்றால் ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று ஓடிவிடும். கதைக்கு இரண்டு ஓரமும் சீராக வைக்கலாம். கவிதையை இடது ஓரத்தோடு விட்டுவிடுங்கள். கவிஞர் வரியை எங்கே முடித்தாரோ அங்கே முடிய வேண்டும், பத்தி அகலம் போதவில்லை என்று மடக்கக்கூடாது. சாய்வெழுத்து வேண்டவே வேண்டாம். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் பஸ்ஸில் தூங்கி விழுகிறவர் மாதிரி இருக்கிறது. அழுத்தம் வேண்டும் என்றால் ஒற்றை மேற்கோள் போதும்.

வட்டார வரலாறு தொடராக வருகிறதா? அப்படியென்றால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் வலது பக்கத்தில் ஆரம்பித்து இடது பக்கத்தில் முடியுங்கள். எங்கள் பாட்டி வீட்டில், 1950களில் கல்கியில் மணியத்தின் படங்களோடு வந்த சரித்திரத் தொடரை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதி இருந்தது. சில தாள்களின் பின்பக்கம் வேறு யாருடைய சிறுகதையோ பாதியில் ஆரம்பித்துப் பாதியில் முடியும். கிணற்றடியில் ஒருத்தி அழுதுகொண்டு நிற்பாள், ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாட்டி அந்தப் பக்கங்களையும் சேர்த்தேதான் வாசிப்பாள். உங்கள் வாசகர்களில் இரண்டு பேராவது கிழித்து வைப்பார்கள். அவர்களுக்கு வசதி செய்து கொடுங்கள்.

வடமராட்சியான்:

நான் யாழ்ப்பாணத்துப் பக்கம். எங்கட ஆக்களிட்ட இருந்து மேட்டர் வாங்கினால் ஒரு விசயம் கவனியுங்கோ. பலர் இப்பவும் பாமினி எழுத்துருவில்தான் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை வைத்த பழைய எழுத்துரு) அடிக்கிறார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றும்போது நடுவில் ஆங்கிலத்தில் இருந்த சொல்லும் சேர்ந்து மாறும். ‘பேஸ்புக்’ என்பதை ஆங்கிலத்தில் அடித்திருந்தால் ‘குயஉநடிழழம’ என்று வந்து நிற்கும். ஒருமுறை எங்கள் ஊர்ச் சங்க மலரில் அது அப்படியே அச்சாகி, ஒரு பெரியவர் அது பழைய ஊர்ப்பெயரோ என்று கேட்டார்.

அட்டையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, இப்போது நின்றுபோன மல்லிகையின் பழைய இதழ்களைப் பாருங்கள். அட்டையில் ஓர் எழுத்தாளர் அல்லது கலைஞரின் படம், உள்ளே அவரைப் பற்றி ஒரு கட்டுரை. வடிவமைப்பு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் யார் இந்த முறை அட்டையில் என்று சனம் எதிர்பார்த்தது. படத்துக்குப் பணம் இல்லாத இதழுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. உங்கள் பக்கம் ஓவியர் ஆதிமூலத்தின் கையெழுத்துப் போன்ற தலைப்பெழுத்துகளும் அப்படித்தானே. கையால் வரைந்த நாலு எழுத்து, ஒரு நிறம், பார்த்தவுடன் எந்த இதழ் என்று தெரியும்.

பிக்சல்ராசா:

8.5 பாயின்ட் விசயத்தில் நான் பின்வாங்குகிறேன். நேற்று என் அப்பாவிடம் அந்த அளவில் ஒரு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தார். ஆனால் வெள்ளை இடம் நிறைய விடுங்கள் என்றதில் மாற்றமில்லை.

தாமிரபரணிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு பத்தி, 11 பாயின்ட், கலர் எல்லாம் 25 முதல் 40க்குள். அச்சகத்துக்கு நேரில் போய் எங்கள் தாளிலேயே நாலு பக்கம் அடித்துக் காட்டச் சொன்னேன். முதலில் முனகினார்கள், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்து அடித்தும் கொடுத்தார்கள். அதை அந்த ஆசிரியரிடம் கொண்டுபோனேன். ராத்திரி, டியூப்லைட் வெளிச்சத்தில், கண்ணாடியைக் கழற்றாமல் இரண்டு பக்கம் வாசித்தார். வடிவமைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கதையில் வரும் வாய்க்கால் பெயர் தப்பு என்றார்.

அட்டையில் அந்தக் கவிஞரையே போடுகிறோம், வடமராட்சி அண்ணன் புண்ணியத்தில். கவிதையை மறுபடி போடுகிறோம், வெள்ளைத் தாளில். கையெழுத்துப் பிரதியில் எத்தனை புள்ளி என்று கவிஞரே எண்ணி அனுப்பியிருக்கிறார்: 73. புரூஃபில் நான் எண்ணினேன், 74 வருகிறது. இன்னொரு தடவை எண்ணப் போகிறேன்.